டிரில் வைஸ் வாங்கப் போறீங்களா? பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீங்க

பிராட்வே பக்கம் ஒரு கடையில் "நாலு இஞ்ச், அசல் காஸ்டிங்" (வார்ப்பிரும்பு) என்று சொல்லித் தலையில் கட்டிய டிரில் வைஸ் (துளை போடும் மெஷினின் மேசையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி) இப்போது எடைக்குப் போடத்தான் லாயக்கு. காசு போனதைவிட மோசம், விற்கும்போது சொன்ன பேச்சு: "போல்ட்டெல்லாம் எதுக்குண்ணே, வைஸ் வெயிட்டே போதும்." இதை நம்பி வீட்டில் யாரும் மெஷினை ஓட்டிவிடக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். அரை எச்பி மோட்டார், பிட்டை (துளைக்கும் அலகை) சுழற்றும் தண்டான ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 500 சுற்று (ஆர்பிஎம்) என்றால் முறுக்குவிசை சுமார் 7 நியூட்டன் மீட்டர். துளையிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பிடித்திருக்கும் கைக்கு அது ஏழு கிலோ இழுப்பு. பிட் கடித்துச் சிக்கும் நொடியில் இன்னும் கூடும். நாலு கிலோ வைஸ் மேசைமேல் சும்மா உட்கார்ந்திருந்தால் அதன் உராய்வு ஒரு கிலோ அளவுக்குத்தான் தாங்கும். துளை இறங்கும்வரை பிட்டின் அழுத்தம் வைஸை மேசையோடு சேர்த்து அமுக்குவதால் ஒன்றும் தெரியாது. அடிப்பக்கம் பிட் வெளியே வரும்போதுதான் வினை. மிச்சமிருக்கும் மெல்லிய தோலை பிட் ஸ்குரு மாதிரி கவ்வி மேலே இழுக்கும். அழுத்தம் போய்விடும், வைஸ் கிளம்பிச் சுழலும்.

இனி அந்த வைஸின் லட்சணம். தடிமனான நீலப் பெயின்ட்டைச் சுரண்டினால் உள்ளே பட்டி. காஸ்டிங்கில் விழுந்த ஓட்டைகளை பட்டி வைத்து மூடியிருக்கிறார்கள். கடையிலேயே கண்டுபிடிக்கச் சின்ன காந்தம் ஒன்று போதும். பட்டி தடிப்பாக இருக்கும் இடத்தில் காந்தம் தளர்வாக ஒட்டும். அலுமினிய வார்ப்பு என்றால் ஒட்டவே ஒட்டாது.

பெரிய கோளாறு நகரும் ஜாவில் (வைஸின் தாடையில்). இறுக்க இறுக்க அது மேலே தூக்கிக்கொண்டது. அதோடு வேலைத்துண்டும் (துளை போட வேண்டிய துண்டு) எழும்பும், துளை கோணலாகும், பிட் உடையும். இதற்கும் கடையிலேயே சோதனை உண்டு. சமமான இரும்புத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் நாலு மூலைக்கு அடியிலும் காகிதக் கீற்று வைத்து இறுக்குங்கள். நாலும் இழுபடாமல் நிற்க வேண்டும். நகரும் ஜா பக்கத்துக் கீற்று சுலபமாக உருவிவந்தால் அதை வாங்காதீர்கள். "எண்ணெய் போட்டா சரியாயிடும்" என்பார்கள். ஆகாது, தேய்ந்த இடைவெளியை எண்ணெய் நிரப்பாது.

வைஸின் காதுத் துளைகள் உங்கள் மெஷின் மேசையின் வரிக்குழிக்கு (போல்ட் நுழையும் நீளத் துளைக்கு) பொருந்துகிறதா என்பதையும் கிளம்பும் முன்பே அளந்து போங்கள். எங்களுக்கு விற்றது பொருந்தவில்லை. போல்ட் வேண்டாம் என்று சொன்னதன் ரகசியம் அதுதானோ என்னவோ!

கட்டும் முறை இதுதான். இரண்டு போல்ட், தடித்த வாஷர், மேசைக்கு அடியில் நட். வைஸுக்குப் பதில் பட்டைக் கிளாம்ப் (துண்டை மேலிருந்து அமுக்கும் இரும்புப் பட்டை) போட்டால் போல்ட் வேலைத்துண்டுக்கு அருகில் இருக்க வேண்டும், பின்னால் முட்டுக் கொடுக்கும் கட்டைக்கு அருகில் அல்ல. முட்டுக் கட்டை துண்டின் உயரமோ, ஒரு நூல் கூடவோ இருக்கலாம், தாழக் கூடாது. தாழ்ந்தால் கிளாம்ப் துண்டின் ஓரத்தை மட்டும் கடித்து வழுக்கும்.

நீளமான பட்டை, ஆங்கிள் என்றால் மெஷினின் தூணுக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும்படி வையுங்கள். மேலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. சிக்கினால் பட்டை தூணில் மோதி நிற்கும். வலப்பக்கம் வைத்தால் உங்கள் வயிற்றுக்குத்தான் வரும்.

உருளைக் கம்பிக்கு வீ பிளாக் (V வடிவப் பள்ளம் உள்ள கட்டை). மெல்லிய தகட்டைக் கையால் பிடிக்கவே கூடாது. 118 டிகிரி கூர் உள்ள 12 மி.மீ. பிட்டின் முனை உயரம் மட்டுமே ஏறக்குறைய 3.6 மி.மீ. அதனால் 2 மி.மீ. தகட்டில் பிட்டின் முழு விட்டமும் உட்காரும் முன்பே முனை வெளியே வந்து, தகட்டைக் கவ்வித் தூக்கும். மேலும் கீழும் பலகை வைத்து, மூன்றையும் சேர்த்துக் கிளாம்ப் போடுங்கள். கையுறை வேண்டாம். தோளில் துண்டு, மணிக்கட்டில் கயிறு, தொங்கும் லுங்கி எதுவும் மெஷின் பக்கம் வரக் கூடாது.

கடைக்காரர் கொடுத்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு, அதில் "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற முத்திரை வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால் பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அதே கணக்கில்தான் வரும். புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915. புகாருக்குப் பதில் வரக் காத்திருக்கும் நாட்களில் பட்டியைத் தோண்டி எடுத்துவிடாதீர்கள். சுரண்டிய இடத்தை அளவுகோலோடு போட்டோ எடுத்து, வைஸை அப்படியே வையுங்கள்.