வீட்டு மீடியா சர்வர்: ரெடிமேட் நாஸா, மினி பிசியா?

நாலைந்து டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் படங்கள், பாட்டுகள், குடும்ப வீடியோக்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, டிவியிலும் போனிலும் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் வழி மூன்று. சினாலஜி, க்யூநாப் மாதிரி நிறுவனங்கள் விற்கும் ரெடிமேட் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவாக வைக்கும் டிஸ்க் பெட்டி) ஒன்று. ஒரு மினி பிசியிலோ சும்மா கிடக்கும் பழைய கணினியிலோ லினக்ஸ் போட்டு நாமே அமைத்துக்கொள்வது இன்னொன்று. மூன்றாவது, உள்ளங்கை அளவுச் சின்னக் கணினியான ராஸ்பெரி பை. நான் மினி பிசி பக்கம் போனவன், தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். பாட்டு கேட்கவும், டிவி அப்படியே ஏற்றுக்கொள்ளும் கோப்புகளை அனுப்பவும் அது தாராளமாகப் போதும். 2023இல் வந்த பை 5இல் சிபியுவின் (கணினியின் மையச் சில்லு) வேகம் கூடியது, ஆனால் வீடியோவை என்கோட் செய்யும் (வேறு வடிவத்தில் சுருக்கி எழுதும்) வன்பொருளை எடுத்துவிட்டார்கள். பை 4இல் எச்.264 என்ற பரவலான வீடியோ வடிவத்துக்காவது அது இருந்தது. அதனால் ஒரு படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டி வந்தால் மொத்தப் பாரமும் சிபியு தலையில். கேஸ், அடாப்டர், டிஸ்க்குக்குத் தனி மின் இணைப்பு என்று சேர்த்துக்கொண்டே போனால் செலவும் மினி பிசிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ரெடிமேட் பெட்டியின் அருமை எல்லாருக்கும் தெரிந்ததே. டிஸ்க்கைச் செருகி, பிரவுசரில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் வேலை முடிந்தது. போன் போட்டோக்களைத் தானாக இழுத்துக்கொள்ளும் செயலி உண்டு, டிஸ்க் கெட்டால் பீப் அடித்துக் கூப்பிடும், பெரும்பாலான பெட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கை உருவி மாற்றலாம். கட்டளைகளை டைப் செய்து வேலை வாங்கும் கட்டளை வரியைப் பார்த்தாலே தலை சுற்றும் என்பவர்கள் மேற்கொண்டு படிக்காமல் இதையே வாங்கிவிடலாம். கிண்டலாகச் சொல்லவில்லை, என் அக்கா கேட்டபோது இதைத்தான் வாங்கச் சொன்னேன்.

அடுத்தது எல்லாரும் முதலில் பேசும் டிரான்ஸ்கோடிங். கோப்பின் வடிவம் டிவிக்கு ஒத்துவராவிட்டாலோ, வெளியிலிருந்து பார்க்கும்போது நெட் வேகம் போதாவிட்டாலோ, சர்வர் அந்த வீடியோவை ஓட ஓட மாற்றி அனுப்ப வேண்டும். ப்ளூரேயிலிருந்து வரும், எழுத்தாக இல்லாமல் படமாகவே இருக்கும் சப்டைட்டில்களும் இந்த வேலையை வைக்கும். சிபியுவை மட்டும் நம்பினால் எச்இவிசி என்ற, அதிகம் சுருக்கும் வடிவத்தில் இருக்கும் 4கே படம் ஒன்றே சின்னப் பெட்டியைத் திணறடித்துவிடும். இன்டெல் சிபியுக்களில் 2011இலிருந்து இருந்துவரும், வீடியோவை மாற்றவென்றே உள்ள குயிக் சிங்க் என்ற வன்பொருள் வழியாகச் செய்தால் அலுங்காமல் நடக்கும். 10 பிட் (நிற நுணுக்கம் கூடிய) எச்இவிசி வேண்டுமென்றால் ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும், பழைய கணினியைத் தூசி தட்டி எடுப்பவர்கள் இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த இன்டெல் என்100, வெறும் 6 வாட் டிடிபி (வெளியிடும் வெப்பத்தின் மதிப்பீடு) உள்ள சில்லு, ஏவி1 என்ற இன்னும் புதிய வடிவத்தின் டிகோடிங்கையும் (விரித்துப் படிப்பதை) வன்பொருளிலேயே செய்கிறது. நாஸ் பெட்டிகளில் இது ஒரே சீராக இல்லை. சினாலஜியின் டிஎஸ்920+ இல் இன்டெல் செலரான், குயிக் சிங்க் உண்டு. பின்னால் வந்த டிஎஸ்923+ இல் ஏஎம்டி ரைசன், அதில் இந்த வேலையைச் செய்யும் கிராபிக்ஸ் பகுதியே கிடையாது. புது மாடல்தானே என்று வாங்கினால் மீடியா விஷயத்தில் ஒரு படி கீழே இறங்கியிருப்பீர்கள்.

ஆனாலும் டிவியில் நல்ல பிளேயர் ஒன்றை மாட்டிவிட்டால் வீட்டுக்குள் டிரான்ஸ்கோடிங் பெரும்பாலும் தேவைப்படாது. என்னை மினி பிசி பக்கம் தள்ளியது வேறு கேள்வி: ஒருநாள் பெட்டி செத்துப்போனால் டிஸ்க்கில் இருப்பதை எப்படிப் படிப்பது?

டிஸ்க் சாவதைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள், ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் ரெய்டு போட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். டிஸ்க்குகள் எல்லாம் நன்றாக இருந்து மதர்போர்டு போனால்? நாலு டிஸ்க் ரெய்டு 5இல் ஒரு படத்தின் துண்டுகள் எல்லா டிஸ்க்கிலும் பரவிக் கிடக்கும், ஒன்றை மட்டும் உருவி லேப்டாப்பில் மாட்டினால் உருப்படியாக எதுவும் கிடைக்காது. நியாயமாகச் சொன்னால், சினாலஜியின் சொந்த ரெய்டு வகையான எஸ்எச்ஆர் உள்ளுக்குள் லினக்ஸின் வழக்கமான மென்பொருள் ரெய்டும், டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பங்கிடும் எல்விஎம்மும்தான். எல்லா டிஸ்க்கையும் ஒரே லினக்ஸ் கணினியில் சேர்த்து மாட்டினால் படித்துவிடலாம், அதற்கான வழிமுறையை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்கு நாலு டிஸ்க்கையும் ஒன்றாக மாட்ட வசதியுள்ள கணினி கைவசம் வேண்டும், அப்புறம் கட்டளை வரியே வேண்டாம் என்று இந்தப் பெட்டியை வாங்கியவர் அன்றைக்குப் பதற்றத்தோடு அதே கட்டளை வரி முன்னால் உட்கார வேண்டும். அது முடியாதென்றால் அதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டியை வாங்கி டிஸ்க்குகளை அதற்கு மாற்ற வேண்டியதுதான். ஆக, முதல் பெட்டியை வாங்கும்போதே அடுத்ததையும் அவர்களிடம்தான் வாங்குவேன் என்று பாதி ஒப்புக்கொண்டாயிற்று.

அந்த அடுத்த பெட்டி எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லை. 2024இல் பெட்டியின் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2.2 வந்தபோது வீடியோ ஸ்டேஷன் என்ற தன் சொந்த மீடியா செயலியையே சினாலஜி நிறுத்திவிட்டது. 2025 ஏப்ரலில், அந்த ஆண்டின் பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தங்கள் டிஸ்க் அல்லது தாங்கள் சான்று கொடுத்த டிஸ்க் இருந்தால்தான் எல்லா வசதியும் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, அக்டோபரில் டிஎஸ்எம் 7.3 உடன் தளர்த்தினார்கள். தளர்த்தியது நல்லதுதான், ஆனால் இடையில் அந்த ஆறு மாதத்தில் புதுப் பெட்டியோடு புது டிஸ்க்கும் வாங்க வேண்டி வந்தவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

என் மினி பிசியில் டெபியன் லினக்ஸ், அதன் மேல் அதை நாஸ் போல நிர்வகிக்க உதவும் ஓபன்மீடியாவால்ட். ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியாக, லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையான இஎக்ஸ்டி4இல். மெர்ஜர்எஃப்எஸ் என்ற மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஃபோல்டராகக் காட்டுகிறது, ஆனால் உள்ளே ஒரு கோப்பு முழுசாக ஒரே டிஸ்க்கில்தான் இருக்கும். ஸ்நாப்ரெய்டு என்ற இன்னொன்று ராத்திரி ஒருமுறை ஓடி, பாரிட்டியை (போன டிஸ்க்கை மீட்க உதவும் கணக்குத் தகவல்) கணக்கிட்டுத் தனி டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. வெவ்வேறு கொள்ளளவு டிஸ்க்குகளைக் கலந்து போடலாம், பாரிட்டி டிஸ்க் மட்டும் மற்றவற்றில் பெரியதற்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். ஒரு டிஸ்க் போனால் பாரிட்டியிலிருந்து மீட்டுவிடலாம். இரண்டு ஒன்றாகப் போனாலும் மிச்ச டிஸ்க்குகளில் இருப்பவை அப்படியே இருக்கும். ரெய்டு 5இல் இரண்டு போனால் மொத்தமும் போச்சு. படம் பார்க்கும்போது அந்தப் படம் இருக்கும் டிஸ்க் மட்டும் சுழல்கிறது, மற்றவை தூங்குகின்றன.

இதன் குறை, கடைசியாக ஓடியதற்குப் பிறகு வந்த கோப்புக்கு அடுத்த ராத்திரி வரை பாதுகாப்பு இல்லை. தினமும் மாறிக்கொண்டே இருக்கும் வேலைக் கோப்புகளுக்கு இதை வைக்கவே கூடாது. படமும் பாட்டும் ஒருமுறை எழுதினால் வருஷக்கணக்காக அப்படியே கிடப்பவை என்பதால் பொருந்துகிறது.

இடையில் மினி பிசியின் அடாப்டர் போய்விட்டது. புதிது வரும்வரை, பார்த்துக்கொண்டிருந்த தொடர் எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அதை மட்டும் எடுத்து லேப்டாப்பில் மாட்டி, லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து (விண்டோஸ் நேரடியாக இஎக்ஸ்டி4ஐப் படிக்காது) எச்டிஎம்ஐ கேபிளில் பார்த்தோம். மனைவிக்கு சர்வர் செத்துப்போன விஷயமே இரண்டாம் நாள்தான் தெரியும்.

சரி, மினி பிசியின் பலவீனத்துக்கு வருவோம். 3.5 அங்குல டிஸ்க்கை வைக்க உள்ளே இடம் கிடையாது, டிஸ்க்குகளை வெளியே செருகும் யுஎஸ்பி டாக்தான் வழி. சில மலிவான டாக்குகள் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் தகவலைக் காட்டாது, பாரம் ஏறும்போது இணைப்பு அறுந்து திரும்ப வரும். யுஎஸ்பி மேல் ரெய்டு கட்டாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். தனித்தனி டிஸ்க்காக இருக்கும் என் அமைப்பில் ஒன்று அறுந்தால் அது மட்டும் காணாமல் போகும், மற்றவை ஓடும். இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் டிஸ்க்கை நேரடியாக மாட்டும் சாட்டா போர்ட்டுகள் உள்ள பழைய டெஸ்க்டாப் இருக்கிறது, ஆனால் கரண்ட் பில்லைப் பார்க்க வேண்டும். ஒரு வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். சும்மா இருக்கும்போதே 50 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்புக்கு ஆண்டுக்கு 438 யூனிட், 10 வாட் மினி பிசிக்கு 87.6.

இன்னொன்று நம் நேரம். ரெடிமேட் பெட்டி தானே அப்டேட் செய்துகொள்ளும். இங்கே எப்போதாவது ஒரு அப்டேட்டுக்குப் பிறகு டாக்கர் கன்டெய்னர் (ஒரு மென்பொருளைத் தனி உறைக்குள் ஓட்டும் முறை) எழுந்திருக்காது, சனிக்கிழமை சாயங்காலம் அதிலேயே போகும். எனக்கு அது பொழுதுபோக்கு, எல்லாருக்கும் அப்படி இருக்க வேண்டியதில்லை.

படங்களை அடுக்கி டிவிக்கு அனுப்பும் மென்பொருளில் என் ஓட்டு ஜெல்லிஃபினுக்கு. எம்பி என்ற அதே வகை மென்பொருள் தன் மூல நிரலை மூடியபோது 2018 இறுதியில் பிரிந்து வந்தது, வன்பொருள் டிரான்ஸ்கோடிங் உட்பட எல்லாம் இலவசம். போட்டி மென்பொருளான பிளெக்ஸில் வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்குப் பிளெக்ஸ் பாஸ் என்ற கட்டணச் சேவை வேண்டும், 2025 ஏப்ரல் முதல் வீட்டுக்கு வெளியே இருந்து வீடியோ பார்ப்பதற்கும் கட்டணம். டிவி செயலியின் மெருகில் பிளெக்ஸ்தான் முன்னால், அதை மறுக்க முடியாது.

எந்தப் பெட்டியானாலும் ரூட்டரில் போர்ட்டைத் திறந்து நேரே இன்டர்நெட்டில் நிறுத்தாதீர்கள். 2021இல் க்யூலாக்கர், 2022இல் டெட்போல்ட் என்று க்யூநாப் பெட்டிகளைக் குறிவைத்த ரான்சம்வேர்கள் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவை) அப்படித் திறந்து கிடந்தவற்றில்தான் புகுந்தன. டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு என்ற பாதுகாப்பான தனி இணைப்பு (விபிஎன்) போட்டுக்கொண்டால் வெளியிலிருந்தும் பார்க்கலாம்.

இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை, அதை வைத்து ஓடும் ட்ரூநாஸ் என்ற நாஸ் இயங்குதளம் வகையறாவைச் சோதனைக்கு நிறுவிப் பார்த்ததோடு சரி, வைத்துக் குப்பை கொட்டியதில்லை. அதன் பராமரிப்பு எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு திரைக்கு மேல் ஓடுவதும் இல்லை, ஐந்தாறு பேர் வெளியிலிருந்து ஒன்றாகப் பார்த்தால் என்100 எப்படித் தாங்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

மினி பிசிதான் என்று முடிவு செய்தால் டிஸ்க் வாங்கும்போது அது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பாருங்கள் (எஸ்எம்ஆரில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் திருத்தி எழுதுவது மெதுவாகும், சிஎம்ஆரில் அப்படி இல்லை). 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் டிஸ்க்குகளில் சில சொல்லாமலே எஸ்எம்ஆராக வந்து பெரிய சர்ச்சை ஆனது, அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று பிரித்தார்கள். தனி டிஸ்க்கில் படம் சேமிக்க எஸ்எம்ஆர் பரவாயில்லை, அடிக்கடி மாற்றி எழுதப்படும் பாரிட்டி டிஸ்க்காவது சிஎம்ஆராக இருக்கட்டும். குடும்ப வீடியோக்களுக்கு மட்டும் வேறொரு டிஸ்க்கில் இன்னொரு நகல் எடுத்து வீட்டுக்கு வெளியே எங்காவது வைத்துவிடுங்கள், தவறுதலாக அழித்ததைக் கவனிப்பதற்குள் ராத்திரி ஓட்டம் முடிந்துவிட்டால் பாரிட்டியால் அதைத் திருப்பித் தர முடியாது.