ஃபோட்டோ கன்வர்ட் பண்ற சாஃப்ட்வேர் எழுதணுமா, பில்லோ எடுத்துக்கோங்க

மச்சான் ஸ்டுடியோவுக்கு பைத்தான்ல ஒரு சின்ன டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். கஸ்டமர் எந்த ஃபார்மட்ல படம் கொண்டு வந்தாலும் பிரிண்டுக்கு ஜேபெக்கா மாத்தணும், அவ்ளோதான். அதுக்கு பில்லோ லைப்ரரிய வச்சேன், எட்டு மாசமா தினமும் ஓடிட்டிருக்கு, அருமையான சாமான்.

பைத்தான்ல படத்த கையாள முன்னாடி இருந்த பழைய லைப்ரரி பிஐஎல், 2009ல 1.1.7 வெர்ஷனோட நின்னு போச்சு, அதை எடுத்து 2010ல பில்லோன்னு ஆரம்பிச்சவங்க இன்னைக்கு வரைக்கும் விடாம வளக்கறாங்க, அதுவும் ஃப்ரீயா. இன்ஸ்டால் பண்றப்ப பில்லோ, இம்போர்ட்ல மட்டும் பிஐஎல், புதுசா வர்றவங்க இதுலயே குழம்புவாங்க.

ஓப்பன் பண்ணி சேவ் பண்ணா வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுடாதீங்க. ஒரு கல்யாண லோகோ பிஎன்ஜில வந்துச்சு, பின்னாடி டிரான்ஸ்பரன்ட். நேரா ஜேபெக்கா சேவ் பண்ணா எரர் அடிக்குது, ஏன்னா ஜேபெக்ல டிரான்ஸ்பரன்சியே கிடையாது. சரின்னு வெறும் கலர மட்டும் வச்சிக்கிற ஆர்ஜிபிக்கு கன்வர்ட் பண்ணா எரர் போச்சு, ஆனா பொண்ணு மாப்ள பேர சுத்தி கன்னங்கரேல்னு ஒரு கட்டம்! எந்த இடம் டிரான்ஸ்பரன்ட்னு சொல்ற அந்த ஆல்ஃபா சேனல தூக்கிட்டா அடியில ஒளிஞ்சிருந்த கலர் வெளிய வந்துடும், பெரும்பாலும் அது கறுப்புதான். வெள்ளையா ஒரு புது இமேஜ் போட்டு, எங்க ஒட்டணும் எங்க விடணும்னு காட்டற மாஸ்க்கா லோகோவையே குடுத்து அது மேல பேஸ்ட் பண்ணணும், அப்பதான் சுத்தமா வரும்.

அடுத்து செல்ஃபோன் படம். ஃபோன் படத்த படுக்க வச்சே சேவ் பண்ணிட்டு எப்படி திருப்பணும்னு எக்ஸிஃப்ல, அதாவது ஃபைலுக்குள்ளயே இருக்கற குறிப்புல, எழுதி வச்சிருக்கும், கன்வர்ட் பண்றப்ப அந்தக் குறிப்பு போயிடும், ஆளு சாஞ்சு கிடப்பாரு. பில்லோவோட இமேஜ்ஆப்ஸ்ல எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ்னு ஒரே வரி, சேவ் பண்றதுக்கு முன்னாடி மறக்காம போடுங்க. குவாலிட்டியும் நீங்களே குடுங்க, ஒண்ணும் சொல்லலன்னா 75தான் எடுத்துக்கும், பிரிண்டுக்கு நான் 95 வைக்கிறேன்.

பைத்தான்ல விண்டோ, பட்டன் போட உதவற டிகேஇண்டர்ல பிரிவ்யூ காட்டறவங்க, படத்த வச்சிருக்கற ஃபோட்டோஇமேஜ அதைக் காட்டற லேபிள்லயே ஒரு வேரியபிளா பிடிச்சு வைங்க, இல்லன்னா படம் காணாம போயிடும், எனக்கு ஒரு சாயங்காலம் முழுசா இதுலயே போச்சு.

ஐஃபோன் எடுக்கற ஹெய்க் ஃபார்மட் படத்துக்கு பில்லோ ஹெய்ஃப்னு தனி பிளக்இன் இருக்கு, போட்டா நல்லா ஓப்பன் ஆகுது. கேமரா ரா ஃபைலுக்கு மட்டும் இத நம்பாதீங்க, அதுக்கு ராபைன்னு இன்னொரு பைத்தான் லைப்ரரிதான் சரி.