ஒரே பொதுக் கிளையா, தனித்தனிக் கிளைகளா?

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் குழுவாக நிரல் எழுதுவோர், தம் மாற்றங்களை மெயின் என்ற ஒரே கிளையில் (கிளை என்பது நிரலின் தனித்து வளரும் ஒரு வடிவம்) நாள்தோறும் சேர்க்கலாம். ஒவ்வொரு வசதிக்கும் தனிக் கிளை பிரித்து, முடிந்தபின் இணைக்கவும் செய்யலாம்.

தனிக் கிளையில் அரைகுறை நிரல் பிறரைத் தொடாது. ஆனால் மூன்று வாரம் பிரிந்தே கிடந்த கிளையை இணைக்கும்போது, ஒரே வரியை இருவர் மாற்றியதால் எழும் முரண்களைவிட, முரணே காட்டாமல் இணைந்து பின்னர் பிழையாக வெளிப்படுபவையே அதிகம் வருத்துகின்றன: ஒருவர் பெயர் மாற்றிய செயற்கூறை (பெயர் சொல்லி அழைக்கப்படும் நிரல்பகுதி) மற்றவர் புதிய கோப்பில் பழைய பெயரிலேயே அழைத்திருப்பார்.

பொதுக் கிளையில் அது அன்றே தெரிந்துவிடும். எனினும் தானியங்கிச் சோதனைகள் இல்லாத குழுவுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2010-இல் பல வகைத் தனிக் கிளைகளைக் கொண்ட கிட்ஃப்ளோ முறையை வெளியிட்ட வின்சென்ட் டிரீசனே, தொடர்ந்து வெளியிடப்படும் வலைச் செயலிகளுக்கு எளிய முறையை நாடுமாறு 2020-இல் குறிப்புச் சேர்த்தார். பல பதிப்புகளை ஒருங்கே பராமரிப்போருக்கு வெளியீட்டுக் கிளைகள் இன்றும் தேவைப்படுகின்றன.