புழலில் பெண் சிறைவாசிகள் நடத்தும் பெட்ரோல் பங்க்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

எந்தப் பங்க்கில் போட்டாலும் பெட்ரோல் பெட்ரோல்தான். ஊருக்குள் விலையிலும் பெரிய வேறுபாடு கிடையாது. ஆகவே ஒரு பங்க்கை மதிப்பிடுவதென்றால் அளவு சரியாக இருக்கிறதா, வண்டி எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறது, பணம் வாங்குவதில் குழப்பம் உண்டா, பணியாளர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பவற்றைத்தான் பார்க்க முடியும். தமிழ்நாடு சிறைத்துறை இந்தியன் ஆயில் நிறுவனத்துடன் சேர்ந்து 2023 ஆகஸ்டில் புழல் அம்பத்தூர் சாலையில் திறந்த இந்தப் பங்க் அவை எல்லாவற்றிலும் தேறிவிடுகிறது. இங்கே பெட்ரோல் போடுகிறவர்கள் புழல் பெண்கள் தனிச்சிறையில் தண்டனை அனுபவித்து வருபவர்கள் என்பதால், வழக்கமாக எந்தப் பங்க்கிடமும் கேட்காத ஒரு கேள்வியை இதனிடம் கேட்க வேண்டியிருக்கிறது: இங்கு வேலை பார்த்த பெண், விடுதலைக்குப் பிறகு இந்த வேலையைக் கொண்டு பிழைக்க முடியுமா?

முதலில் சேவையைச் சொல்லிவிடுகிறேன். மீட்டரில் பூஜ்ஜியத்தைப் பார்த்துக்கொள்ளும்படி அவர்களே சொல்கிறார்கள். சில்லறை சரியாகக் கைக்கு வருகிறது. தேவைக்கு மேல் பேச்சில்லை, முகச்சுளிப்பும் இல்லை. அவர்களுடைய வழக்கு என்ன, எத்தனை ஆண்டுத் தண்டனை என்று துருவிக் கேட்பதற்கு வாடிக்கையாளருக்கு எந்த உரிமையும் கிடையாது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்; காய்கறிக் கடைக்காரரிடம் அவருடைய குடும்பச் சண்டையைப் பற்றி நாம் விசாரிப்பதில்லை.

வேலூர், கோயம்புத்தூர், திருச்சி, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களிலும் சிறைத்துறை பங்க்குகள் நடத்துகிறது. புழல் பங்க் திறக்கப்பட்டபோது அங்கெல்லாம் வேலை செய்தவர்கள் ஆண்கள். புழலின் சிறப்பு, அதைப் பெண்களிடம் ஒப்படைத்ததுதான். நாட்டின் சிறைகளில் இருப்போரில் பெண்கள் ஏறத்தாழ 4 விழுக்காடுதான் என்பதாலோ என்னவோ, அவர்களுக்கான பயிற்சி என்றாலே தையல், எம்பிராய்டரி, ஊறுகாய் என்று வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுகிற தொழில்களாகவே நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. அந்தத் தொழில்களைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், நாள் முழுவதும் முன்பின் தெரியாதவர்களோடு பேசுவது, பணத்தை எண்ணி வாங்குவது, செல்பேசிவழிப் பணம் வந்து சேர்ந்ததா என்று சரிபார்ப்பது, மாலையில் கணக்கை ஒப்படைப்பது ஆகியவற்றைத் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து கற்க முடியாது. பல ஆண்டுகள் மதிலுக்குள் இருந்த ஒருவர் வெளியே வந்ததும் திணறுவது பெரும்பாலும் இவற்றில்தான். அந்த வகையில் இந்தப் பங்க்கை ஒரு வகுப்பறை என்றே கருதுகிறேன். புழல் சிறையிலிருந்து ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுதுகிறவர்களின் படிப்புக்கு இது எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல.

இந்த வேலைக்குச் சம்பளமும் உண்டு. சிறைவாசிகளின் உழைப்புக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும் என்றும், அதில் ஒரு பகுதியைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்தது. வ.உ.சி.யைக் கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்த காலத்தில் சிறையில் வேலை என்பதே உடம்பை முறிக்கும் தண்டனையாக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஒரு தாய் தன் சிறைச் சம்பளத்திலிருந்து பணம் அனுப்ப முடிகிறது என்பது சிறிய மாற்றமல்ல.

குறைகள் பங்க்கில் இல்லை, அதைச் சுற்றியுள்ள ஏற்பாட்டில் இருக்கின்றன. இந்த வாய்ப்பு நன்னடத்தையுள்ள தண்டனைச் சிறைவாசிகள் சிலருக்கு மட்டுமே கிடைக்கிறது. 2022-ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று தீர்ப்பாகாமலேயே ஆண்டுகளைக் கழிக்கும் அவர்களுக்கு இத்தகைய பயிற்சி பெரும்பாலும் எட்டுவதில்லை. சீர்திருத்தம் என்று பெயர் வைத்துவிட்டுப் பெரும்பாலோரை வாசலிலேயே நிறுத்திவைப்பது பொருந்தாது.

இன்னொன்று, விடுதலைக்குப் பிந்தைய நிலை. சிறைக்குப் போய்வந்தவர் என்று தெரிந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க வைக்க முதலாளிகள் தயங்குவார்கள். இந்தியன் ஆயிலுக்கு மாநிலம் முழுவதும் முகவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி முடித்து வெளியே வரும் பெண்ணை அவருடைய ஊருக்கு அருகிலுள்ள பங்க்கில் சேர்த்துவிடும் ஒப்பந்தம் ஒன்றைச் சிறைத்துறையும் நிறுவனமும் செய்துகொண்டால், அதற்குத் தனியாகக் கட்டடமோ பெரிய நிதியோ தேவைப்படாது. மேலே கேட்ட கேள்விக்கு என்னுடைய பதில் இப்போதைக்கு இதுதான்: திறமை கைக்கு வந்துவிடுகிறது, வேலைக்கு உறுதி இல்லை.

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் பக்கம் போகிறவர்கள் தாராளமாக இங்கே வண்டியை நிறுத்தலாம். நேரமிருந்தால் சிறைவாசிகள் செய்த பிரெட், பிஸ்கட் போன்றவை ‘ஃப்ரீடம்’ என்ற பெயரில் விற்கும் சிறை அங்காடியையும் எட்டிப் பார்க்கலாம். இரக்கத்துக்காக வாங்க வேண்டாம். மற்றக் கடையில் பார்ப்பதைப் போலவே தரத்தைப் பார்த்து, பிடித்தால் வாங்குங்கள்.