அலுமினியத் தகடா, கார்பன் ஃபைபரா? விமான உடலைப் பழுதுபார்க்கக் கற்போருக்கு ஓர் ஒப்பீடு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து விமானப் பராமரிப்பு படிக்கக் கிளம்பும் பிள்ளைகள் பலரும் கேட்கும் கேள்வி இது: "இனி எல்லாமே கம்போசிட் என்கிறார்களே, ரிவெட் அடிக்கக் கற்று என்ன ஆகப்போகிறது?"

கேள்வி நியாயமானதுதான். ரிவெட் என்பது தகடுகளைத் துளையிட்டு அடித்து இணைக்கும் ஆணி; கம்போசிட் என்பது கார்பன் போன்ற இழைகளை ரெசின் என்ற பிசினில் இறுக்கிய அடுக்கு. போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பு எடையில் பாதி கம்போசிட். ஏர்பஸ் ஏ350-இல் 53 விழுக்காடு. ஆனால் அதே 787-இல் 20 விழுக்காடு அலுமினியம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் நாள்தோறும் இறங்கும் 737, ஏ320 வகைகளின் உடற்பகுதியோ பெரும்பாலும் அலுமினியத் தகடும் ரிவெட்டும்தான். எடையையும் வலிமையையும் மட்டும் பார்த்தால் கார்பன் எளிதாக வென்றுவிடும். பழுதுபார்ப்பவருக்கு அந்தக் கணக்கு போதாது. அடிபட்டதை எது வெளியே காட்டும், எது உள்ளே மறைக்கும், சரிசெய்த பிறகு அது சரியாக இருக்கிறது என்று எதை நம்பிக் கையெழுத்திடுவது என்பதுதான் அவருடைய கேள்வி.

பொருளின் குணம்

விமானத் தகடுகளில் இரண்டு கலவைகளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2024-டி3 சுமார் 4.4 விழுக்காடு செம்பு சேர்ந்தது. திரும்பத் திரும்ப வரும் சுமையால் விழும் களைப்பு விரிசலைத் தாங்கும் குணம் நன்றாக இருப்பதால் உடற்பகுதித் தோலுக்கும் இறக்கையின் அடித்தோலுக்கும் போகிறது. 7075-டி6 துத்தநாகம் சேர்ந்தது. வலிமை அதிகம், ஆனால் விரிசல் விழுந்தால் வேகமாக ஓடும். அமுக்கம் தாங்கும் இடங்களுக்கு ஏற்றது. இரண்டின் அடர்த்தியும் கன செ.மீ.க்கு 2.8 கிராம் அளவில் இருக்கும். கார்பன் இழையை எப்பாக்சி என்ற ரெசினில் இறுக்கிய கார்பன்-எப்பாக்சி 1.6 கிராம்தான்.

தகட்டை எந்தப் பக்கம் இழுத்தாலும் வலிமையில் பெரிய வித்தியாசம் இல்லை. கார்பன் அப்படியல்ல. இழை ஓடும் திசையில் மட்டுமே அதன் முழு வலிமை கிடைக்கும். அதனால்தான் 0, 45, 90 டிகிரி என்று திசை மாற்றி அடுக்குகிறார்கள். பழுதுபார்க்கும்போது ஒரே ஓர் அடுக்கைத் திசை மாற்றி வைத்துவிட்டால், வெளிப்பார்வைக்கு அழகாக இருக்கும்; தாங்க வேண்டிய சுமையைத் தாங்காது.

உப்புக்காற்று

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. குளச்சலிலும் முட்டத்திலும் வீட்டு ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று பார்த்து வளர்ந்தவர்கள். அலுமினியம் இரும்பு போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது. வெள்ளை அல்லது சாம்பல் நிறத் தூளாக வெளிவரும். பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம்போல ஓடும் அரிப்பு ஒருவகை. தகட்டின் உள்ளடுக்குகள் ஏடு ஏடாக உப்பிப் பிரியும் அரிப்பு அதைவிட மோசமானது. அந்த இடத்தில் கையால் தடவினாலே மேடு தெரியும்.

இதைத் தடுக்க 2024 தகட்டின் இருபுறமும் தடிமனில் சுமார் 5 விழுக்காடு தூய அலுமினியத்தைப் போர்த்தியிருப்பார்கள். அதற்கு அல்கிளாட் என்று பெயர். அந்தப் போர்வையைக் காப்பதில்தான் தகட்டு வேலையின் ஒழுக்கம் தொடங்குகிறது. சாதாரண பென்சிலால் கோடு போடக்கூடாது. பென்சிலின் கிராஃபைட்டும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் கோடு போட்ட இடத்திலேயே அரிப்பு தொடங்கும். எஃகுக் கம்பளியாலும் கம்பி பிரஷ்ஷாலும் தேய்க்கக்கூடாது. இரும்புத் துகள் தகட்டில் பதிந்து அங்கே புதிய அரிப்பை விதைக்கும். அரிப்பை நீக்கிய பிறகு மிச்சத் தடிமனை அளந்து, விமானத்தின் பழுதுபார்ப்புக் கையேடு அனுமதிக்கும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே வேதிப்பூச்சு, பிரைமர், பெயின்ட். அளக்காமல் பெயின்ட் அடிப்பது அரிப்பை மூடி வைப்பதற்குச் சமம்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் 737-200 விமானத்துக்கு நடந்ததைத் தகட்டு வேலை கற்பவர் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். குறுந்தூரப் பயணங்கள், கடற்காற்று, 89,680 முறை பறந்திறங்கிய உடல். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இணைப்பில் பசை விட்டுப்போனது; சுமை முழுவதும் ரிவெட் துளைகளுக்குப் போனது. அந்தத் தோல் 0.9 மி.மீ. தடிமன்தான். ரிவெட் தலை உள்ளே அமர வேண்டும் என்று கூம்பாகக் குடைந்ததில் துளையின் அடிவிளிம்பு கத்தி முனைபோல ஆகியிருந்தது. துளைக்குத் துளை சின்ன விரிசல்கள் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, சுமார் 18 அடி நீளத்துக்கு மேற்கூரை பறந்துபோனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார்.

கார்பன் ஃபைபர் அரிக்காது. உப்புக்காற்று விஷயத்தில் அதற்கே முழு மதிப்பெண் கொடுக்கத் தோன்றும். இரண்டு இடங்களில் கழிக்க வேண்டும். தேன்கூடு போன்ற உட்பகுதி கொண்ட பேனல்களில் ஒரு சிறு கீறல் வழியே நீர் புகுந்தால் அங்கேயே தங்கிவிடும். உயரத்தில் உறையும், இறங்கினால் உருகும், தோலைப் பசையிலிருந்து மெல்லப் பெயர்க்கும். இரண்டாவது, கார்பன் தான் கெடாமல் பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும். கார்பனோடு நேராக ஒட்டிய அலுமினியம் ஈரத்தில் வேகமாகக் கரையும். அதனால்தான் நடுவே கண்ணாடி இழை அடுக்கு ஒன்றை வைத்துப் பிரிக்கிறார்கள். இணைப்பாணிகளை டைட்டானியத்தில் போடுகிறார்கள். 787-இன் எடையில் 15 விழுக்காடு டைட்டானியம் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் இல்மனைட் அதே டைட்டானியத்தின் தாதுதான்.

அடிபட்டால்

இரண்டும் உண்மையில் பிரிவது இங்கேதான்.

தளத்தில் ஏணி வண்டியோ சரக்கு ஏற்றும் வண்டியோ உடலில் இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அலுமினியம் பள்ளம் விழும். பள்ளத்தின் ஆழத்தையும் அகலத்தையும் அளக்கலாம், கையேட்டின் வரம்போடு ஒப்பிடலாம். கார்பன் தோல் அமுங்கி, மீண்டும் பழைய நிலைக்கு எழும்பிவிடும். பெயின்ட்டில் ஒரு சின்னத் தடம் மட்டும் இருக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். தோலைத் தாங்கும் நீளவிட்டம் பசையிலிருந்து பெயர்ந்திருக்கலாம். இடித்தது ரப்பர் முனையாக இருந்தால் இன்னும் ஆபத்து. வெளியே தடமே இல்லாமல் உள்ளே பெரிய பரப்பு சேதமாகும்.

அலுமினியத்தின் எதிரி காலம். ஒவ்வொரு பறப்பிலும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். அது ஆபத்தான நீளத்தை எட்டுவதற்கு முன் கண்டுபிடிக்கும்படி சோதனை இடைவெளி கணக்கிடப்பட்டிருக்கும். கார்பன் கட்டமைப்பில் அனுமதிக்கப்பட்ட சேதம் வளராதபடி வடிவமைக்கிறார்கள். அதன் எதிரி ஒரே ஒரு நிகழ்வு: கைதவறி விழுந்த ஸ்பேனர், ஆலங்கட்டி மழை, இடித்த வண்டி. ஆகவே கம்போசிட் விமானத்தைச் சுற்றி வேலை செய்பவர்களிடம் மிக அவசியமான கருவி எதுவென்றால், இடித்ததை உடனே சொல்லும் பழக்கம். சொன்னவரைத் திட்டி அனுப்பும் மேற்பார்வையாளர் இருக்கும் இடத்தில் எந்தச் சோதனைக் கருவியும் உதவாது.

சோதனை முறைகளும் அதற்கேற்ப மாறும். அலுமினியத்துக்குக் கண்ணும் டார்ச்சும் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸும் பாதி வேலையை முடித்துவிடும். மேற்பரப்பில் திறந்த விரிசலுக்குச் சாயம் ஊடுருவும் சோதனை, துளையைச் சுற்றிய விரிசலுக்கு உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுப்பிப் பார்க்கும் எடி கரன்ட் சோதனை. சாயச் சோதனையைக் கம்போசிட்டில் செய்யக்கூடாது. சாயம் இழைகளுக்குள் இறங்கிவிட்டால் பிறகு அங்கே பசை பிடிக்காது.

கம்போசிட்டில் முதல் சோதனை தட்டிப் பார்ப்பது. நாணயம் போன்ற ஒன்றால் தட்டும்போது நல்ல இடம் தெளிவாக ஒலிக்கும், பிரிந்த இடம் 'பொத்' என்று மங்கும். மண்பானை வாங்கும்போது செய்கிற அதே சோதனை. ஆனால் 2 மி.மீ.க்குக் குறைவான தோலில்தான் இதை நம்பலாம். உள்ளே நீளவிட்டம் ஓடும் இடத்திலும் ஒலி மாறும் என்பதால் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்ட வேண்டும். சத்தமுள்ள ஹேங்கரில் தட்டுவது வீண். தடித்த அடுக்குகளுக்கு மீயொலி அலையை அனுப்பிப் பார்க்கும் அல்ட்ராசோனிக், தேன்கூட்டுக்குள் நீர் இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே அல்லது வெப்பப் படம்.

பழுதுபார்ப்பு: ரிவெட் கணக்கு

1 மி.மீ. தகடு இரண்டை இணைக்க வேண்டும். ரிவெட் விட்டம் தடித்த தகட்டின் மூன்று மடங்கு. கிடைக்கும் அளவில் 3.2 மி.மீ., அதாவது எட்டில் ஓர் அங்குலம். துளைக்கு 30-ஆம் எண் டிரில். நீளம் இரு தகட்டின் தடிமன் 2 மி.மீ.யோடு விட்டத்தின் ஒன்றரை மடங்கு 4.8 மி.மீ. சேர்த்து 6.8 மி.மீ. அடித்து முடித்த தலை 4.8 மி.மீ. அகலமும் 1.6 மி.மீ. உயரமும் இருக்க வேண்டும். ஓரத்திலிருந்து துளையின் மையம் குறைந்தது 6.4 மி.மீ. தள்ளி, உள்ளமரும் தலையாக இருந்தால் 8 மி.மீ. துளைக்குத் துளை இடைவெளி விட்டத்தின் நான்கு முதல் ஆறு மடங்கு. இவ்வளவு மெல்லிய தகட்டில் உள்ளமரும் தலைக்காகக் குடையக்கூடாது, அழுத்திக் குழிக்க வேண்டும். குடைந்தால் அலோஹாவின் கத்தி முனை இங்கேயும் வரும்.

ரிவெட்டின் தலையைப் பார்த்தே அதன் கலவை தெரியும். நடுவில் ஒரு குழி இருந்தால் 2117, வந்தபடியே அடிக்கலாம். இரண்டு புடைத்த கோடு இருந்தால் 2024. சூடாக்கிக் குளிர்வித்து, குளிர்பெட்டியில் வைத்திருந்து, வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள் அடித்துவிட வேண்டும். தாமதித்தால் கெட்டிப்பட்டு அடிக்கும்போதே வெடிக்கும்.

ரிவெட் வேலை கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அதில் தவறே ஒளியாது என்று நினைத்துவிடக்கூடாது. 1978-இல் வால் தரையில் உரசிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 747-இன் பின்பக்க அழுத்தத் தடுப்பை, அதாவது பயணிகள் அறையின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்சுவரை, இணைக்கும்போது, ஒரே துண்டாக வைக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டி வைத்தார்கள். சுமை ஒரே வரிசை ரிவெட்டில் விழுந்தது. வேலை முடிந்த பிறகு வெளியிலிருந்து அது தெரியவில்லை. ஏழு ஆண்டு பறந்து, 1985 ஆகஸ்ட் 12 அன்று உடைந்தது. 520 பேர் இறந்தார்கள்.

பழுதுபார்ப்பு: அடுக்கும் பசையும்

எட்டு அடுக்கு, மொத்தம் 1.5 மி.மீ. தடிமனுள்ள கார்பன் தோலில் 25 மி.மீ. வட்டச் சேதம். 30-க்கு 1 சரிவு, அதாவது 1 மி.மீ. ஆழத்துக்கு 30 மி.மீ. நீளம் என்றால் சுற்றிலும் 45 மி.மீ. தேய்க்க வேண்டும். 25 மி.மீ. துளைக்கு 115 மி.மீ. வட்டம் பழுதுபார்க்கும் பரப்பாகிறது. தேய்க்கும் தூசு மின்சாரம் கடத்தும்; பக்கத்திலுள்ள மின் இணைப்புகளை மூடி, உறிஞ்சியை ஓடவிட்டு, முகமூடியோடுதான் வேலை.

அடுத்தது உலர்த்துவது. நம் மாவட்டத்தில் இடவப்பாதியும் பெய்யும், ஐப்பசி மழையும் பெய்யும். காற்றில் ஈரம் குறையும் மாதங்கள் கொஞ்சம். அடுக்குக்குள் இருக்கும் ஈரத்தை மெல்லிய சூட்டில் வெளியேற்றாமல் 121 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றினால், நீர் ஆவியாகிப் பசைக்குள் குமிழ் விடும். ரெசின் ஊறிய இழைச்சுருளை மைனஸ் 18 டிகிரியில் வைத்திருப்பார்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது; பையின் மேல் வியர்ப்பது முழுதும் நின்ற பிறகே திறக்க வேண்டும். துடைத்த பரப்பில் தூய நீரை விட்டால் 30 விநாடி உடையாத படலமாக நிற்க வேண்டும். திட்டுத் திட்டாக ஒதுங்கினால் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். அப்புறம் ஒட்டுப்போடும் இழைத்துணி, அதன் மேல் துளையிட்ட பிலிம், உறிஞ்சு துணி, வெற்றிடப் பை, சூட்டுப் போர்வை. சூடு ஏறும் நடுவே மின்சாரம் போனால் அந்த ஒட்டை வெட்டியெடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டி வரலாம். மாற்று மின்சாரம் இல்லாமல் இதில் இறங்கக்கூடாது.

ஃபைபர் வள்ளம் பழுதுபார்த்துக் கை பழகியவர்கள் நம் கடற்கரை நெடுக இருக்கிறார்கள். ரெசின் தடவுவதிலும் காற்றுக்குமிழை உருளையால் வெளியேற்றுவதிலும் அந்தக் கைக்கு ஈடில்லை. ஆனால் ஒரு பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். வள்ளத்துக்கான பாலியெஸ்டர் ரெசினில் இறுகத் தூண்டும் கேட்டலிஸ்ட் 1 முதல் 2 விழுக்காடு. சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் கொஞ்சம் கூட்டி ஊற்றலாம். எப்பாக்சியில் அதை இறுக்கும் ஹார்டனர் வினையின் ஒரு பங்குதாரர். கூட்டினால் வினைபுரியாத மிச்சம் உள்ளே தங்கி, இறுகியதுபோலத் தோன்றி, சூட்டில் இளகும். தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒட்டிய துண்டின் பிடிப்பு வலிமையை உடைக்காமல் அளக்கும் கருவி கிடையாது. அல்ட்ராசோனிக் இடைவெளி இருந்தால் காட்டும். தொட்டுக்கொண்டிருந்தும் பிடிக்காத பசையைக் காட்டாது. அதனால்தான் முக்கியக் கட்டமைப்பில், ஒட்டிய துண்டு முழுதாகக் கழன்றாலும் விமானம் வரம்புச் சுமையை, அதாவது பறப்பில் எதிர்பார்க்கும் உச்சச் சுமையைத் தாங்க வேண்டும் என்ற அளவோடு ஒட்டிப் பழுதுபார்ப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிடப் பெரியதென்றால் டைட்டானிய ஆணியோடு பூட்டும் துண்டு. அடித்து விரியும் ரிவெட்டைக் கார்பனில் போட்டால் துளையின் சுவரே பிளக்கும்.

எங்கள் தீர்ப்பு: முதலில் தகட்டு வேலையில் கை நிலைக்கட்டும். அளப்பது, ஓரம் விடுவது, சுமை எந்த வழியாகப் போகிறது என்று யோசிப்பது எல்லாம் அங்கே கண்ணெதிரே நடக்கும். தவறினால் பெரும்பாலும் அன்றே தெரியும். அடுத்து கம்போசிட். அதைக் கற்க நல்ல வழி, கழித்துப்போட்ட ஒரு பேனலை எடுத்து, எடை ஒன்றைப் பல உயரங்களிலிருந்து அதன்மேல் போட்டு, தட்டிப் பார்த்துச் சேதத்தின் எல்லையைச் சாக்பீஸால் வரைந்து, பிறகு அந்தக் கோட்டின் குறுக்கே அறுத்துப் பார்ப்பது. வரைந்த வட்டத்தைவிடப் பிளவு எவ்வளவு தூரம் வெளியே ஓடியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அளந்து குறித்துவைக்க வேண்டும்.