வடசென்னையில் ஒரு கிராவல் பைக்: முள், உப்பு, சாம்பல்

யூடியூபில் கிராவல் பைக் (கிராவல் என்றால் சரளைக்கல்; தாரிலும் மண்ணிலும் ஓடுகிற, ரேஸ் சைக்கிளைவிட அகலமான டயர் போட்ட சைக்கிள்) என்று தேடினால் எல்லா வீடியோவும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுவே வெள்ளைக் கல் பரப்பிய பாதை, கீழே பள்ளத்தாக்கில் ஆறு. இத்தாலியில் அது நிஜமாகவே அப்படித்தான். 2023 உலக கிராவல் சாம்பியன்ஷிப் வெனெட்டோ பகுதியில்தான் நடந்தது. பிரோசெக்கோ ஒயினுக்குப் பேர்போன குன்றுகளுக்குள் புகுந்து பியேவே தி சொலிகோவில் முடிந்தது. நான் கிளம்புவது திருவொற்றியூரிலிருந்து. இங்கே முதலில் வருவது கண்டெய்னர் லாரி வரிசை, அப்புறம் மணலி.

ஆனாலும் சில வருஷங்களாக ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: இந்த வகை வண்டி வடசென்னைக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஊரைத் தாண்டும்வரை உடைந்த தார், அதற்கப்புறம் ஏரிக்கரை, ஆற்றங்கரை மண். ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயர் முதல் பாதியிலேயே உயிரை எடுக்கும். எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள், மண்ணில் சுகம்தான், ஆனால் பூண்டிவரை தார் ரோட்டில் மிதித்தால் கால் கெஞ்சும். நடுவில் நிற்கிற வண்டி இது.

என்னுடையது அலுமினிய பிரேம், கார்பன் ஃபோர்க், முன்னால் ஒரே பல்சக்கரம், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். கம்பெனி பெயர் தேவையில்லை. இந்த விலையில் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க டயரில் இருக்கிறது.

நம் பக்கத்தில் டயருக்கு எதிரி கல் இல்லை, சீமைக்கருவேல முள். வயலுக்கு வேலி கட்ட வெட்டிப் போடுகிறார்கள், விறகுக்கு வெட்டுகிறார்கள். உதிர்ந்த குச்சிகள் கரையெல்லாம் கிடக்கும். காய்ந்த முள் ரப்பரை நேராகத் துளைத்து, நுனி உள்ளேயே முறிந்து நிற்கும். ட்யூப் போட்டு ஓட்டினால் பாதி நேரம் கரையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர், உள்ளே சீலண்ட் என்ற ஓட்டையை அடைக்கும் வெள்ளைத் திரவம். முள் ஏறியதும் உஸ்ஸென்று சத்தம் வரும், வெள்ளைப் பால் தொடையில் தெறிக்கும், சக்கரம் சில சுற்று சுற்றுவதற்குள் அடைபட்டுவிடும். அந்த நேரத்தில் முள்ளைப் பிடுங்கக் கை பரபரக்கும். பிடுங்கவே கூடாது. அதுதான் அப்போது அடைப்பான். வீட்டுக்கு வந்து, குத்திய இடம் கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்து, சீலண்ட் அங்கே தேங்கியபின் சின்ன இடுக்கியால் இழுக்க வேண்டும். கொஞ்சம் கசியும், நின்றுவிடும். சீலண்ட் 2 முதல் 6 மாதம் தாங்கும் என்பார்கள். நம் வெயிலில் இரண்டு மாதத்தை மட்டும் நம்புங்கள்.

மீஞ்சூர்ப் பக்கம் ஒரு பங்க்சர் கடை அண்ணன் டயரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ட்யூபே இல்ல, பால ஊத்தி வெச்சிருக்க?" என்று சிரித்தார். அவருடைய கம்ப்ரஸர் முனை என் சக்கரத்தில் இருக்கும் மெல்லிய பிரஸ்டா வால்வில் உட்காராது. அதற்கென்று சின்னப் பித்தளை அடாப்டர் இருக்கிறது. விலை பெரிதில்லை, அதை வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள். காற்று விஷயத்தில் பெரும்பாலானவர்கள் அதிகமாகத்தான் அடிக்கிறார்கள். எனக்கு எடை எழுபது கிலோவை ஒட்டி வரும். 40 மிமீ டயரில் முன்னால் 32, பின்னால் 36 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் காரனோடைக்கு முன்பே மணிக்கட்டு வலிக்கிறது.

அடுத்தது உப்பு. காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை குடியிருப்பவர்களுக்குத் தெரியும். மாடி கிரில் துருப்பிடிக்கும் அதே வேகத்தில் சைக்கிளும் துருப்பிடிக்கும். ரோட்டர் (டிஸ்க் பிரேக்கின் தட்டு) போல்ட்டுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிட்டேன். சீட் போஸ்ட்டை அவ்வப்போது உருவி கிரீஸ் தடவவில்லையென்றால் பிரேமோடு ஒட்டிக்கொள்ளும். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் போனால் அனல்மின் நிலையச் சாம்பல் வேறு. எண்ணெய் போட்ட செயினில் அது படிந்து சாம்பல்நிறப் பசையாகி, பல்சக்கரத்தை அரைத்துத் தின்னும். எண்ணெயை விட்டு, உருக்கிய மெழுகில் செயினை முக்கி எடுக்க ஆரம்பித்த பிறகு செயினின் ஆயுள் நன்றாகவே கூடியிருக்கிறது. வேலை பிடிக்கும்தான், வீட்டில் தனிப் பாத்திரமும் வேண்டும். (சமையலறைப் பாத்திரத்தைத் தொடாதீர்கள்.) கழுவ ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் வாஷ் அடித்தால் பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸ் போய்விடும்.

பாதைகளில் எனக்குப் பிடித்தது கொசஸ்தலை ஆற்றை ஒட்டி மேலே போவது. மீஞ்சூர் அருகே வல்லூர் அணைக்கட்டில் தொடங்கி, காரனோடை, தாமரைப்பாக்கம் வழியாகப் பூண்டி. கரைப்பாதை தொடர்ச்சியாக இருக்காது. நடுநடுவே ஊர்ச் சாலையில் இறங்கி ஏற வேண்டும். அணை, ஏரிக் கரைகளில் காவலாளி வேண்டாம் என்றால் பேசாமல் திரும்பிவிடுங்கள், சுற்றுப்பாதை எப்போதும் உண்டு. தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பிவிடும் தண்ணீர்தான் சோழவரத்துக்கும் புழலுக்கும் போகிறது. நம் வீட்டுக் குழாய் எங்கே தொடங்குகிறது என்று சைக்கிளில் போய்ப் பார்த்த மாதிரிதான்.

பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டியது. பெரும்பாலானவர்கள் அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். இன்னும் கொஞ்சம் மிதித்தால் அதிரம்பாக்கம். அங்கேதான் நிஜமான கிராவல். செம்மண்ணில் புதைந்த உருண்டைக் குவார்ட்சைட் (ஒரு வகைக் கடினப் பாறை) கற்கள். முன்சக்கரம் அதன்மேல் ஏறி பக்கவாட்டில் நழுவும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், பின்பக்கம் எடையைத் தள்ளி, வேகத்தை விடாமல் போக வேண்டும். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம் இது. அந்தக் கருவிகளும் குவார்ட்சைட்தான். 2018-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, இங்குள்ள இடைப் பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்றது. எந்த இத்தாலியப் பாதையில் இது கிடைக்கும்? கல் எதையும் பையில் போடாதீர்கள், பார்க்க வேண்டுமென்றால் பூண்டியில் அருங்காட்சியகம் இருக்கிறது.

பழவேற்காடு எல்லாரும் போகும் பாதை, அதனால் சுருக்கமாக. பொன்னேரி வழி தார் ரோடு, எளிது. காட்டூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புக்குள் புகுந்தால் மணலில் 40 மிமீ டயரே புதையும். இறங்கித் தள்ளத்தான் வேண்டும். கோடையில் பத்து, பதினொரு மணிக்கெல்லாம் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து எழும்பும், திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. ஜனவரியில் வாடை பின்னாலிருந்து தள்ளும், பூநாரையும் பார்க்கலாம்.

அக்டோபர் பிற்பாதியிலிருந்து டிசம்பர்வரை கரைகளை மறந்துவிடுங்கள். இத்தாலியப் பாதையில் சரளைக்கல் வழியே தண்ணீர் வடிந்துவிடும். நம்முடையது களிமண் கரை. டயருக்கும் பிரேமுக்கும் இடையில் சேறு அடைத்து, சக்கரம் சுற்றவே சுற்றாது.

திராட்சைத் தோட்டம் பார்த்தே தீர வேண்டும் என்றால் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போங்கள். சென்ட்ரலிலிருந்து போடி ரயிலில் தேனியில் இறங்கலாம். முல்லைப் பெரியாற்றுப் பாசனம், பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. இங்கே கொடியைப் பந்தலில் படர விடுகிறார்கள், அதனால் தோட்டத்து ஓரமாக ஓட்டும்போது கண்மட்டத்துக்கு மேலே பச்சைக் கூரைதான். வருஷம் முழுக்க எங்கேயாவது பழம் பறித்துக்கொண்டே இருப்பார்கள். வாய்க்கால் கரைகள் அருமை. ஆனால் தண்ணீர் பாய்ச்சும் நாளில் தோட்டத்துப் பாதைக்குள் போகாதீர்கள், அவர்கள் வரப்பும் கெடும்.

புதிதாக வாங்குகிறவர் பிரேமில் 45 மிமீ டயர் நுழையுமா என்று முதலில் கேளுங்கள். நுழையாது என்றால் தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம். கார்பன் பிரேமுக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியை நல்ல ட்யூப்லெஸ் ரிம்மிலும் டயரிலும் போடுங்கள். மாதவரம் தாண்டாமல் வேலைக்குப் போய் வர மட்டும் என்றால் இந்த வண்டியே தேவையில்லை, கியர் இல்லாத பழைய சைக்கிளே போதும். நான் அடுத்து மாற்றப்போவது பிரேக். கேபிளுக்குள் உப்பும் சாம்பலும் சேர்ந்து லீவர் கனத்துவிட்டது. ஹைட்ராலிக் போட்டால் பழவேற்காட்டு மணலில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.