காளானுக்குப் பெயர் வைக்க: மைக்ரோஸ்கோப்பா, டி.என்.ஏ.வா?

காரைக்குடிப் பக்கம் தாவரவியல் படிக்கும் பிள்ளைகள் ப்ராஜெக்ட் நேரத்தில் கேட்பது இதைத்தான்.

செலவு: மைக்ரோஸ்கோப் கல்லூரியிலேயே இருக்கும். டி.என்.ஏ.வுக்கு மாதிரிக்கு மாதிரி காசு.

நேரம்: தொப்பியை வெள்ளைத்தாளில் கவிழ்த்து டம்ளரால் மூடினால், விடியும்போது வித்துத்தூள் கோலம் போலப் பதிந்திருக்கும்; அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடலாம். டி.என்.ஏ. முடிவு வர நாளாகும்.

நம்பகம்: விஷயமே இங்கேதான். வைக்கோல் போரடியில் முளைத்து மத்தியானத்துக்குள் கறுப்பு மையாய் ஒழுகுமே, அந்த மாதிரிக் காளான்களைக் காப்ரைனஸ் என்ற ஒரே பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதியில்) வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. பார்த்த பிறகு, 2001-ல் அது நாலாக உடைந்தது. பழைய பெயர் காப்ரைனஸ் கோமேட்டஸுக்கும் அதன் சில நெருங்கிய உறவுகளுக்கும்தான் மிஞ்சியது. கோமேட்டஸோ கடையில் விற்கும் பொத்தான் காளானின் குடும்பம்! கோயிலை வைத்துப் பங்காளி பிரிக்கும் நகரத்தார் கணக்கில் சொன்னால், ஜாடை ஒன்று, கோயில் வேறு.

சரி, எது யாருக்கு? ஊர்க் காளான்களைப் பேரின அளவில் பட்டியல் போட மைக்ரோஸ்கோப் பெரும்பாலும் போதும். புது இனம் என்று எழுதப் போகிறீர்களா, 2012-ல் பூஞ்சைகளின் பார்கோடாக, அதாவது இனத்தை அடையாளம் காட்டும் டி.என்.ஏ. துண்டாக, முன்மொழியப்பட்ட ஐ.டி.எஸ். பகுதியைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், காளானைக் காயவைத்துப் பத்திரப்படுத்துங்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் பொது டி.என்.ஏ. தரவுத்தளங்களிலும் தப்புப் பெயர்கள் உண்டு; சந்தேகம் வந்தால் காளானையே திரும்பப் பார்க்கலாம்.